கம்பியை நறுக்கும் வேளை

சென்னையில் துறைமுகம் எழும்புமுன், கப்பலில் வந்தோரை அலை கடந்து கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அறையாது, பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து ஆக்கப்பட்டவை அவை. இறுகப் பிணைத்த மரம் அலையின் அறைதலில் பிளந்துபோகும். தைத்த மரமோ நெகிழ்ந்து கொடுக்கும். சோழமண்டலக் கரையின் மக்கள் கண்டறிந்த ஞானம் இது.

தைத்துக் கட்டும் கலை 1963-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வேறு வடிவில் வெளிப்பட்டது. பாய்மரப் படகு அங்கே பெரும்பாலும் வசதி படைத்தோரின் உடைமையாயிருந்த காலம். படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு மரவேலையைத் தொலைக்காட்சியில் கற்பித்துவந்த பாரி பக்னெலும் சேர்ந்து, 'டெய்லி மிரர்' நாளிதழின் ஆதரவில் 'மிரர்' என்னும் சிறு படகை உருவாக்கினர். நீளம் 10 அடி 10 அங்குலம். விலை ஏறத்தாழ 63 பவுன். அளவாக வெட்டிய ஒட்டுப்பலகைகள் பொதியாக வந்துசேரும். தச்சுத்தொழில் அறியாதவரும் வீட்டுக் கொட்டகையிலேயே படகு கட்டலாம்.

முறை எளியது. பலகைகளின் விளிம்பில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைப்பர். மூட்டின் உட்புறம் கண்ணாடியிழை நாடாவைப் பதித்துப் பிசின் பூசுவர். பிசின் இறுகியபின், வெளியே துருத்தி நிற்கும் கம்பி முறுக்குகளை நறுக்கிவிட்டு, அங்கும் நாடாவை ஒட்டுவர். மரமும் இழையும் பிசினும் ஓருடலாகிவிடும். இவ்வாறு 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாயின.

நம் குமரிக் கரைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. கட்டுமரத்திற்கேற்ற மரங்கள் அரிதாகிவந்த 1980-களில், பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜில்லேயின் உழைப்பால் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் உருப்பெற்றன. பின்னர், மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்திய படகுத்தளங்களில், பலகைகளைத் தைத்து ஒட்டும் இம்முறையே கையாளப்பட்டது. கயிற்றால் தைத்த கடலில், கம்பியால் தைத்த படகு இறங்கிற்று.

மிரர் பிறந்த ஆண்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த ஆண்டு. பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய விதித்தொகுப்பைச் சங்கம் 1965-இல் வெளியிட்டது. கைதேர்ந்தவர் மட்டுமே கட்ட வல்லது படகு என்ற எண்ணம் தகர்ந்த காலத்தில், திருச்சபையைக் கட்டியெழுப்புவது இறைமக்கள் அனைவரின் பணி என்பதும் ஓங்கி ஒலித்தது.

அருள்பணியாளராகிய நாம் அந்தச் செப்புக் கம்பியை எண்ணிப் பார்க்கிறோம். பிசின் இறுகும்வரை பலகைகளைச் சேர்த்துப் பிடிப்பது அதன் கடன். இறுகியபின்னும் முறுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், தொடுவோர் கையைக் கிழிக்கும். பங்கில் அன்பியம், சங்கம், குழு என்று எத்தனையோ தைத்தோம். அவை தாமே இறுகிய பின்னும் நம் பிடியைத் தளர்த்தத் தயங்கியதுண்டு. அதனால் சிலர் மனம் புண்பட்டதும் உண்டு. இதை மறைப்பதற்கில்லை.

நறுக்கப்பட்ட கம்பி வீணாவதில்லை. அதன் எஞ்சிய பகுதி பிசினுக்குள் கண்ணுக்குத் தெரியாது தங்கிவிடுகிறது. படகோ கடலுக்குச் செல்கிறது. அன்பர்களே, உங்கள் கையில் துடுப்பு இருக்கிறது. நறுக்கும் துணிவை எமக்குத் தரும்படி ஆண்டவரிடம் மன்றாடுங்கள்.