தமிழ்த் திரைவாசிப்பு

கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள தமிழ் எழுத்தைப் பார்வையற்றோர் காதால் கேட்டோ பிரெயில் புள்ளிகளைத் தடவியோ படிக்க உதவும் நுட்பம். காதால் கேட்டுப் படிக்க மூன்று வேண்டும்: எழுத்தை முறையாகச் சேமித்த கோப்பு, திரையில் இருப்பதை எடுத்துக்கொடுக்கும் திரைவாசிப்பான், அதை ஒலியாக்கும் பேச்சுப்பொறி. தமிழில் நெடுங்காலம் தடையாக நின்றது முதலாவதுதான். பேச்சுப்பொறிக்கான பணியில் கணிசமான பகுதி சென்னையின் தென்புறத்தில், கிண்டிக்கும் களவாக்கத்துக்கும் இடையில் நடந்தது.

கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்வையற்றோர் பள்ளி தொடங்கப்பட்டது. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951இல் தரப்படுத்தப்பட்டது. அதில் உயிர்மெய்யின் மெய்ப்பகுதி முதலிலும் உயிர் அதன் பின்னும் வரும். அச்சில் ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது, பிரெயிலில் விரல் ககரத்தைத் தொட்ட பிறகே ஒகரத்தைத் தொடும். ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. கணினித் தமிழ் இந்த ஒழுங்குக்கு வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது.

கண்பார்வையை இழந்த டெட் ஹென்டர் அமெரிக்காவில் உருவாக்கிய ‘ஜாஸ்’ திரைவாசிப்பான் 1989இல் டாஸ் கணினிகளுக்கும் 1995இல் விண்டோஸுக்கும் வந்தது. விலை அதிகம், பேசியது ஆங்கிலம்.

தமிழ்நாட்டு அலுவலகங்களும் அச்சகங்களும் அப்போது வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்துவந்தன. அவற்றில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளே சேமிக்கப்படும். பார்ப்பவருக்கு எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டிவிடும். திரைவாசிப்பான் எழுத்துருவைப் பார்ப்பதில்லை, குறியீட்டைப் படிக்கிறது; ஆகவே கேட்பவருக்கு அந்த ஐந்து குறிகளே ஒலிக்கும். எத்தனை அரசாணைகளும் பாடக்குறிப்புகளும் நாவல்களும் இப்படிக் காதுக்கு எட்டாமல் போயின என்பதை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது. தமிழுக்கெனவே வகுக்கப்பட்ட ‘திஸ்கி’ குறியாக்கமும் கொம்பை எழுத்துக்கு முன் சேமித்தது. அதை ஒலியாக்க முதலில் வரிசையை மாற்றியாக வேண்டும்.

பல மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமாகிய ஒருங்குறியின், 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அதில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. பிரெயிலின் வரிசையும் அதுவே. விண்டோஸ் 2000இல் ஒருங்குறித் தமிழ் நேரடியாக இயங்கத் தொடங்கியது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தாலும், குறியாக்கத்தில் தாம், தாப் எனும் எட்டுபிட் முறைகளையே முன்வைத்தது. அது அன்றைய கணினிகளின் நிலைக்கேற்ற முடிவு என்பாரும் உண்டு, ஒருங்குறிக்கு மாறுவதைத் தள்ளிப்போட்டது என்பாரும் உண்டு. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. பழைய கோப்புகள் பழையபடியே கிடந்தன.

தமிழில் முதலில் பேசிய மென்பொருள் எது என்பதற்கு ஒரே விடை சொல்வது கடினம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ரா. கல்யாணகிருஷ்ணன் தலைமையிலான ஆய்வகம் உருவாக்கிய பன்மொழி எழுதி, அசையை அலகாகக் கொண்டு பேச்சும் பிரெயிலும் தந்தது. வித்யா விருட்சம் அமைப்பு அதைக் கொண்டு பார்வையற்றோருக்குக் கணினிப் பயிற்சி அளித்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் குழு தமிழ்ப் பேச்சுப்பொறியையும், அச்சுப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியையும் செய்தது.

2009இல் நடுவண் அரசின் நிதியுதவியுடன் தொடங்கிய பேச்சுப்பொறிக் கூட்டுத்திட்டம் நன்கு பதிவான கட்டம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஹேமா ஏ. மூர்த்தி அதை ஒருங்கிணைத்தார். தமிழ் உள்ளிட்ட ஆறு மொழிகளில் தொடங்கிப் பின்னர் 13 மொழிகளாக விரிந்தது. தமிழ்ப் பகுதியைச் செய்தது களவாக்கத்திலுள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி.

வேலை எளிதன்று. தமிழில் ஒரே ககரம் ‘கல்’லில் ஒரு விதமாகவும் ‘தங்க’த்தில் வேறாகவும் ‘அக’த்தில் இன்னொன்றாகவும் ஒலிக்கும். இதற்காவது விதி உண்டு. ‘பந்து’, ‘பஸ்’ இரண்டின் பகரமும் எழுத்தில் ஒன்றே, வாயில் வேறு. ‘பாவம்’ என்று எழுதினால் இரக்கச்சொல்லா, நடனக்காரர் முகத்தில் காட்டுவதா என்பதை அடுத்த சொற்களைப் பார்த்தே அறிய முடியும். விகுதிகள் ஒட்டிக்கொண்டே போவதால் சொற்களை முன்கூட்டிப் பதிந்து வைக்கவும் வழியில்லை. எனவே ஒரே குரலில் பல மணி நேரம் படிக்கச்செய்து, அதை அசைகளாக வெட்டி, வேண்டியபோது கோக்கும் முறை முதலில் கையாளப்பட்டது. குரல் இயல்பாக இருந்தது. ஆனால் அசைகள் முழுவதையும் உடன்கொண்டு செல்ல வேண்டியிருந்ததால் இடத்தை அடைத்தது. பின்னர் வந்த புள்ளியியல் முறையில் குரல் சற்று மழுங்கினாலும், அளவு சில மெகாபைட்டுக்குள் அடங்கிக் கைப்பேசிக்கும் பொருந்தியது. இக்குரல்கள் விண்டோஸில் என்விடிஏ, லினக்ஸில் ஓர்கா ஆகிய திரைவாசிப்பான்களுடன் இணைக்கப்பட்டன.

என்விடிஏ, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான். அதனுடன் வரும் ஈஸ்பீக் தமிழும் பேசும். குரல் இயந்திரத்தனமானது. ஆயினும் பலர் அதையே விரும்புகிறார்கள்: விசையைத் தொட்டதும் தயங்காமல் பேசும், வேகத்தைப் பலமடங்கு கூட்டினாலும் சொல் சிதையாது. பழகிய ஒருவர் அந்த வேகத்தில் ஒரு நாவலைக் கேட்கும்போது, பக்கத்திலிருக்கும் பார்வையுள்ளவருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அந்தத் திறன் முறையாகப் போற்றப்படவில்லை.

2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம், அச்சு நூலை மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவுக்கு உரிமையாளரின் இசைவின்றி மாற்ற வழிசெய்தது. இதே நோக்கமுடைய பன்னாட்டு ஒப்பந்தமான 2013இன் மாராகேஷ் உடன்படிக்கையை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா (2014). இவ்வடிவ நூல்களுக்கான சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் 2016இல் தொடங்கியது.

கைப்பேசியில் டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஆகிய திரைவாசிப்பான்கள் 2009 முதல் உள்ளன. தமிழ்க் குரல்கள் பிற்பாடு சேர்ந்தன. ரூபாய்த் தாளின் மதிப்பைச் சொல்லும் ‘மணி’ செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்டது. எழுத்துணரியின் துணையால் அச்சுப் பக்கத்தைக் கைப்பேசிக் கேமராவில் பிடித்துக் கேட்பது இப்போது இயல்கிறது. படமாக மட்டும் வருடிப் பதிவேற்றப்படும் அறிக்கைகளைத் திரைவாசிப்பான் நேரடியாகப் படிக்காது. அவற்றுக்கும் எழுத்துணரியே துணை.