முஸ்தன்ஸிரிய்யாவின் மனிதர்கள்

ஒரு கலாசாலையின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதை நிறுவியவரின் பெயரில் தொடங்கிக் கட்டடத்தின் வருணனையில் முடித்துவிடுவது வழக்கம். அங்கே கற்பித்தவர், கற்றவர், ஏவல் செய்தவர் யார் என்னும் வினா எழுவதே அரிது. பாக்தாதின் முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவைப் பற்றிய பழைய குறிப்புகள் இவ்வகையில் விதிவிலக்கானவை. அக்கலாசாலையின் மனிதர்களையே அவை நமக்கு அறிமுகம் செய்கின்றன.

அப்பாஸிய்ய கலீஃபா அல்-முஸ்தன்ஸிர் பில்லாஹ், தஜ்லா நதியின் கீழ்க்கரையில் எழுப்பிய இம்மத்ரஸா ஹிஜ்ரி 631இல் (கி.பி. 1234) திறக்கப்பட்டது. ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி ஆகிய நான்கு மத்ஹபுகளின் ஃபிக்ஹும் ஒரே கூரையின் கீழ்ப் போதிக்கப்பட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒவ்வொரு மத்ஹபுக்கும் 62 மாணவர். ஆக 248 பேர். இவர்களைத் தவிரக் குர்ஆன் பயிலும் அநாதைச் சிறுவர் 30 பேர், ஹதீஸ் மாணவர் 10 பேர், மருத்துவம் கற்போர் 10 பேர். மாணவருக்கு அன்றாட உணவும் மாதம் ஒரு தீனாரும் வக்ஃபு வருவாயிலிருந்து வழங்கப்பட்டன. வளாகத்திலேயே ஹம்மாமும் இருந்தது. கற்க வந்தவன் வயிற்றுக்காக அலையக்கூடாது என்னும் கருத்து இதில் தெளிவாகப் புலப்படுகிறது.

கற்பிப்போரின் அமைப்பு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வொரு மத்ஹபுக்கும் ஒரு முதர்ரிஸ். அவருக்குத் துணையாக நான்கு முஈதுகள். முஈத் என்றால் திரும்பச் சொல்பவர். உஸ்தாத் நடத்திய பாடத்தை மாணவருக்கு மீண்டும் விளக்கி, ஐயம் களைந்து, மனத்தில் பதியவைப்பது அவர் பணி. கணக்கிட்டுப் பார்த்தால், ஏறத்தாழ 16 மாணவருக்கு ஒரு முஈத். எந்த மாணவன் தடுமாறுகிறான், எவன் விரைந்து செல்கிறான் என்பதை நேரில் அறியக்கூடிய எண்ணிக்கை இது. 1327இல் இங்கு வந்த இப்னு பதூதா, கறுப்பு அங்கியும் தலைப்பாகையும் அணிந்து மரவிதானத்தின் கீழ் அமர்ந்திருந்த முதர்ரிஸையும், அவர் சொல்வதை இருபுறமும் இருந்து திரும்பச் சொன்ன இரு முஈதுகளையும் கண்டு எழுதியிருக்கிறார். நூற்றாண்டு ஏறக்குறைய நிறைவுற்ற பின்னும் அம்மரபு நின்றிருந்தது.

பணியாளருக்கும் அறிஞருக்கும் இடையே கடக்கவொண்ணாத சுவர் ஏதும் அங்கு இருக்கவில்லை என்பதற்கு ஒரு குடும்பமே சான்று. மத்ரஸாவின் வாயிலில் அமைந்த புகழ்பெற்ற கடிகாரத்தைச் செய்தவர் பஅல்பக் நகரிலிருந்து வந்த ஒரு கைவினைஞர். தொழிலாலேயே அவர் ‘ஸாஆத்தி’, அதாவது கடிகாரக்காரர், எனப்பட்டார். அவருடைய மகன் முழஃப்பருத்தீன் அஹ்மத், இப்னுஸ் ஸாஆத்தி என்னும் பெயரோடு அதே மத்ரஸாவில் ஹனஃபி மாணவருக்குப் போதிக்கும் ஆசிரியரானார். ஹனஃபி ஃபிக்ஹில் புகழ்பெற்ற ‘மஜ்மவுல் பஹ்ரைன்’ அவர் இயற்றியதே. அவருடைய மகள் ஃபாத்திமா, தந்தையிடமே ஃபிக்ஹு பயின்று அறிஞராக விளங்கினார். பாட்டனார் நேரத்தை அளந்தார். மகனும் பேத்தியும் அந்நேரத்தைக் கல்வியால் நிரப்பினர். தொழிற்பெயரை மறைக்காமல், அதையே தம் அடையாளமாக அவ்வறிஞர் தாங்கியதும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது.

1258இல் ஹுலாகுவின் படை பாக்தாதை அழித்தபோது, ஹன்பலி முதர்ரிஸாக இருந்த முஹ்யித்தீன் யூஸுஃப் இப்னுல் ஜவ்ஸி கொல்லப்பட்டார். அதே ஆண்டில் சிறைபிடிக்கப்பட்ட பாக்தாதுச் சிறுவர்களுள் ஒருவர் இப்னுல் ஃபுவத்தி. நஸீருத்தீன் தூஸியின் ஆதரவில் மராகா வானாய்வுக் கூடத்தின் நூலகத்தைப் பேணிய அவர், பின்னர் தாயகம் திரும்பி முஸ்தன்ஸிரிய்யா நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். அவர் தொகுத்த பெரும் நூல் மனிதர்களின் பட்டப்பெயர் அகராதி. எண்ணற்றோரின் வாழ்க்கைக் குறிப்புகள் அடங்கியது. ஒரு நகரமே மடிந்ததைக் கண்டவர், மனிதர்களின் பெயர்களைத் திரட்டுவதில் ஆயுளைச் செலவிட்டார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

கலாசாலையை அழிவிலிருந்து மீட்டது செங்கல் அன்று. பாடத்தைத் திரும்பச் சொல்ல ஒருவரும், நூலை எடுத்துக்கொடுக்க ஒருவரும், கேட்க ஒரு மாணவனும் எஞ்சியிருந்ததே. அத்தகையோரின் பெயர்கள் ஏட்டில் நின்றதால்தான் நாம் இன்று அவர்களை அறிகிறோம்.

நம் முன்னோர் 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியையும் சென்னையில் புதுக்கல்லூரியையும் தோற்றுவித்தனர். அவற்றுக்கு முன்னும் பின்னும் ஊர்தோறும் மத்ரஸாக்கள் எழுந்தன. கொடையளித்தோரின் பெயர்கள் கல்வெட்டுகளில் இருக்கின்றன, அது நியாயமே. ஆனால் விடுதியில் சமைத்தவர், நூலகத்தில் ஏணியேறி நூல் எடுத்துக்கொடுத்தவர், பின்தங்கிய மாணவனை மாலையில் அமர்த்திப் பாடம் சொன்ன இளம் உஸ்தாத் ஆகியோரின் பெயர்கள் எங்கே? அவர்களை அறிந்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.