தரவுப் பகுப்பாய்வு நிரல்களில் பிழை கையாளுதல்

ஆள் மேற்பார்வையின்றி ஓடும் பகுப்பாய்வு நிரலுக்குக் கெட்ட தரவு வந்தாலோ, இணைப்பு அறுந்தாலோ, அது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதே பிழை கையாளுதல். நிரல் நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம் எனப் பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. பாதியில் நின்ற நிரலை யாராவது பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு ஒழுங்காக முடிந்ததாகச் சொல்லும் நிரலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் 2020இல் நடந்தது இதற்குச் சான்று. ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளை, அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் வடிவக் கோப்புகளில் தானாகவே சேர்த்துவந்தது. அந்த வடிவில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும். மிஞ்சியவை சத்தமின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறவில்லை. தொற்று உறுதியானவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. வந்த வரிசைகளையும் சேர்ந்த வரிசைகளையும் எண்ணி ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இத்தகைய இழப்பு சிறிய நிரல்களிலும் நேர்கிறது. ஒரு பத்தியில் 10, 20, 30 என மூன்று மதிப்புகள் இருக்க வேண்டும்; கடைசிப் பூஜ்யத்துக்குப் பதில் யாரோ ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிட்டார்கள் என்று கொள்வோம். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் எண்ணாக மாற்றும் செயற்கூறு இயல்பாகவே பிழை காட்டி நின்றுவிடும். அதைத் தவிர்க்கப் பலர் ‘கோயர்ஸ்’ என்ற தெரிவைப் போடுகிறார்கள். அப்போது அந்த மதிப்பு வெற்றிடமாகிறது. சராசரி காணும்போது பாண்டாஸ் வெற்றிடத்தை விட்டுவிடுகிறது. 20 வர வேண்டிய இடத்தில் 15 வரும், எச்சரிக்கை ஒன்றும் வராது. ஆர் மொழி இதில் கறாரானது: விடுபட்ட மதிப்பை நீக்கச் சொல்லாதவரை சராசரியையே விடுபட்டதாகக் காட்டும். கோயர்ஸ் வேண்டுமென்றால் போடலாம்; ஆனால் எத்தனை மதிப்புகள் வெற்றிடமாயின என்று எண்ணி, எல்லை மீறினால் நிரலை நிறுத்த வேண்டும்.

எல்லாப் பிழைகளும் ஒன்றல்ல. இணைய வழங்கி 503 என்ற நிலை எண்ணைப் பதிலாகத் தந்தால் அது பெரும்பாலும் தற்காலிகக் கோளாறு. இடைவெளியைக் கூட்டிக்கொண்டே சில முறை முயலலாம். கோப்பில் ஒரு பத்தியே காணவில்லை என்றால் எத்தனை முறை முயன்றாலும் வராது. எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிடும் பைத்தானின் வெற்று ‘எக்செப்ட்’ கூற்று இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் அதை எழுதவே கூடாது. நிரல் நடுவில் நின்றுவிடலாம் என்பதால், வெளியீட்டை முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுதாக முடிந்தபின் உரிய பெயருக்கு மாற்றினால், அரைகுறைக் கோப்பை அடுத்த நிரல் எடுத்தாளாது.

தோல்வியடைந்த நிரல் பூஜ்யம் அல்லாத வெளியேறு எண்ணைத் தர வேண்டும். அட்டவணைப்படி வேலைகளை ஓட்டும் மென்பொருள்கள் பொதுவாக அதை வைத்தே தோல்வியை அறிகின்றன. ஆனால் பாஷ் என்ற கட்டளைச் சூழலில் கட்டளைகளைக் குழாயாக இணைத்தால் கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே வெளியே வரும். ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்கினால்தான் நடுவில் விழுந்த கட்டளையின் தோல்வியும் தெரியும்.