குழந்தை விளையாட்டு மருத்துவமனைக்குள் நுழைந்த வரலாறு



பங்சாரில் வாழும் நமக்கு மருத்துவமனை தொலைவில் உள்ள இடமன்று. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் அருகிலுள்ள லெம்பா பந்தாயில்தான் இருக்கிறது. பெற்றோர் சந்திப்பு நாள்களில் நான் மிகுதியாகக் கேட்கும் வாசகம், "என் பிள்ளை டாக்டராக வேண்டும், டீச்சர்" என்பதாகும். அப்படி ஆசைப்பட்டு, உண்மையிலேயே டாக்டரான என் பழைய மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போது அவள் பயிற்சி மருத்துவர். ஓர் இரவுப் பணியில், நோயாளிக்கு எழுதப்பட்ட மருந்தின் அளவு கூடுதலாக இருப்பதாக அவளுக்குப் பட்டதாம். எழுதியவர் மூத்த மருத்துவர். இவள் வாய் திறக்கவில்லை. நல்லவேளையாக ஒரு தாதி கேட்டுவிட்டார், அளவு திருத்தப்பட்டது.

"தெரியாமல் இல்லை, டீச்சர். வாய்தான் வரவில்லை" என்றாள்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. வகுப்பில் அவளை அமைதியான நல்ல பிள்ளை என்று பலமுறை பாராட்டியவள் நான்தான்.

பின்னர்த் தேடிப் படித்தபோது, அமெரிக்காவில் மருத்துவ மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் நாடகப் பயிற்சி அளிக்கப்படுவதை அறிந்தேன். மனப்பாடம் செய்து நடிக்கும் நாடகமன்று அது. உடன் நிற்பவர் சொன்னதைக் கேட்டு, அதை ஏற்று, அதன்மேல் தம் பங்கை அந்தக் கணத்திலேயே சேர்க்கும் எழுதாத நாடகம். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்வதும், கச்சேரியில் பாடகர் கற்பனாசுரம் பாடப்பாட மிருதங்கக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு வாசிப்பதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் மருத்துவமனைக்குள் நுழைந்த கலையின் வேர், மேடையில் அல்ல, பிள்ளைகளின் விளையாட்டில் இருக்கிறது. நமக்கு அக்கறை தரும் செய்தி அதுதான்.

சிக்காகோ நகரில் ஜேன் ஆடம்ஸ், எல்லன் ஸ்டார் என்னும் இருவர் 1889-இல் ஹல் ஹவுஸ் என்ற சமுதாய இல்லத்தை நிறுவினர். அக்கம்பக்கம் முழுவதும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்கள். இத்தாலியர், கிரேக்கர், யூதர் என்று வீட்டுக்கொரு மொழி. (நம் தோட்டப்புறத்து முன்னோரை நினைத்துக்கொள்ளலாம்.) அங்கே நீவா பாய்ட் என்னும் அம்மையார் 1920-களில் விளையாட்டுப் பயிற்சிப் பள்ளியொன்றை நடத்தினார். விளையாட்டு பொழுதுபோக்கன்று, பிறரோடு சேர்ந்து வாழக் கற்கும் வழி என்பது அவருடைய உறுதியான கருத்து. அவரிடம் பயின்றவர் 1906-இல் பிறந்த வயோலா ஸ்போலின்.

பொருளாதார மந்தக் காலத்தில் அரசாங்க வேலைத்திட்டத்தின்கீழ், குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பிக்கும் பணி ஸ்போலினுக்குக் கிடைத்தது. வசனத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் விறைத்து நின்றனர். விளையாட்டைக் கொடுத்ததும் உயிர் பெற்றனர். இருவர் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடி போலப் பின்பற்றுவது ஒரு விளையாட்டு. பொருளற்ற ஒலிகளால் பேசியே கருத்தை உணர்த்துவது இன்னொன்று. இவற்றைத் தொகுத்து 1963-இல் அவர் நூலாக வெளியிட்டார். அதற்குள் அவர் மகன் பால் சில்ஸ், நண்பர்களுடன் 1959-இல் செகண்ட் சிட்டி என்ற நாடக அரங்கைத் தொடங்கியிருந்தார். அதன் நகைச்சுவை உலகப் புகழ் பெற்றது. பிள்ளைகளுக்காகப் பிறந்த விளையாட்டு என்பது ஏறக்குறைய மறந்தே போயிற்று.

மருத்துவ உலகின் கதை வேறு. 1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கக்கூடும் என்று அது மதிப்பிட்டது. அறிவுக்குறைவைவிட, குழுவாக இயங்கும் முறையிலுள்ள ஓட்டைகளே பெரிதாகத் தெரிந்தன. 2003-இல் அங்கே பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரம் வாரத்துக்கு 80 மணி என வரையறுக்கப்பட்டது. (80 மணி என்பது குறைக்கப்பட்ட அளவு!) இச்சூழலில்தான் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ அறநெறி கற்பிக்கும் கேட்டி வாட்சன், எழுதாத நாடகத்தை மருத்துவ மாணவர்களுக்கான பாடமாக்கினார், 2011-இல் அதைப்பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். நீவா பாய்ட் 1941 வரை கற்பித்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். விளையாட்டு சுற்றிவந்து பழைய வாசலில் நின்றது போலிருக்கிறது.

பயிற்சியில் அவர்கள் செய்வது எளியதே. கண்ணாடி விளையாட்டில், யார் முன்னே செல்கிறார் என்று தெரியாத அளவுக்கு இருவரும் ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும்; மூத்தவர் இளையவர் என்ற வேறுபாடு சற்று நேரம் கரைகிறது. ஒலி விளையாட்டு, மொழி புரியாத நோயாளியிடம் முகத்தாலும் குரலாலும் பேசக் கற்றுத்தருகிறது. மலாய், தமிழ், சீனம், நேப்பாளி எல்லாம் ஒரே வார்டில் ஒலிக்கும் நம் ஊருக்கு இது எவ்வளவு தேவை! தவறிவிட்டால் எல்லாரும் சேர்ந்து கைதட்டிச் சிரிக்கிறார்கள். நாளெல்லாம் தவறுக்கு அஞ்சியே நிற்பவர்களுக்கு அந்தச் சிரிப்பே ஓய்வு.

மிகைப்படுத்தவும் கூடாது. நாடகம் வேலை நேரத்தைக் குறைக்காது; ஆள் பற்றாக்குறையைத் தீர்க்காது. மலேசியாவில் 2008 முதல் பயிற்சிக் காலம் 2 ஆண்டாயிற்று. 2011-இல் ஷிப்ட் முறை வந்தது. 2022-இல் பினாங்கில் பயிற்சி மருத்துவர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, பணியிடக் கொடுமைகளை ஆராய்வதற்குச் சுகாதார அமைச்சு பணிக்குழு அமைத்தது. அதட்டும் மேலதிகாரியை மாற்றாமல், அதட்டப்படுபவரை மட்டும் விளையாடச் சொல்வது நியாயமாகாது. பயிற்சிக்கு நிபுணர்களும் வரவேண்டும் என்பதே என் கருத்து.

யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் நாடக வேளையை நானே பலமுறை கணிதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இருவர் இருவராக நின்று கண்ணாடி விளையாடுகிறார்கள். போன வாரம் ஒரு தந்தை சன்னலோரம் நின்று பார்த்துவிட்டு, "இது எந்தத் தேர்வில் வரும், டீச்சர்?" என்று கேட்டார். உள்ளே அழைத்து, அவருடைய மகளுக்கு எதிரே நிறுத்தினேன். முதல் நிமிடம் அவர்தான் கையை அசைத்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் அசைக்கத் தொடங்கினாள்.