தில்லை யாருக்குச் சொந்தம்?

சிதம்பரம் என்றதும் பொன்வேய்ந்த கூரை நினைவுக்கு வரும்; ஆடும் கூத்தன் நினைவுக்கு வருவான். மரம் நினைவுக்கு வருகிறதா, தோழர்களே? அவ்வூருக்குத் தில்லை என்று பெயர் தந்ததே ஒரு மரந்தான். உப்புச் சேற்றில் வளரும் மரம். இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கண் எரியும். முனிவர் தவமிருந்த கதையைப் புராணம் சொல்லிக்கொள்ளட்டும். தில்லையைக் காட்டு மரமாகக் காண விழைவோன் கிழக்கே சென்று, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தில் படகேற வேண்டும். சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் தழைத்த அலையாத்திக் காடு அது.

அந்தக் காடு யாருடையது?

இக்கேள்வி புதிதன்று. சென்னை மாகாண வருவாய் வாரியம் 1871ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை எழுதியது. மாகாணத்தில் ஏதேனும் ஒரு சிற்றூரின் எல்லைக்குள் அடங்காத காடு அரிது. காடுகளின்மீது அரசு உடைமை கொண்டாடியதற்குச் சான்றும் இல்லை என்றது. சொன்னவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். வெள்ளை அரசின் வரி அதிகாரிகள்! ஆயினும் 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வந்தது. கோட்டுக்கு உள்ளே அரசு, வெளியே ஊர் என்றாயிற்று. நேற்றுவரை விறகு பொறுக்கியவன் இன்று குற்றவாளி! 1913இல் அமைந்த வனக்குழுவின் பரிந்துரைக்குப் பின் மாகாணத்தில் சில காடுகள் ஊர்ப் பஞ்சாயத்துகளின் கையில் விடப்பட்டன என்பதும் வரலாறே. ஆனால் அவை பெரும்பாலும் மேய்ச்சற் காடுகள்.

பிச்சாவரத்தில் நடந்தது கூப்பு வெட்டு. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து, ஒரு பகுதியை அடியோடு வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். வெட்டிய இடம் தானே தழைக்கும் என்பது கணக்கு. வெள்ளையர் காலத்தில் தொடங்கிய இம்முறை விடுதலைக்குப் பின்னும் நடந்து, 1970களில்தான் நின்றது. வெட்டிய இடம் தழைக்கவில்லை. பழி யார்மேல் விழுந்தது? ஆடு மேய்த்தவன்மேல், விறகுக்குப் போன பெண்ணின்மேல், வலை வீசியவன்மேல். ஏழை அழித்தான் என்பது அலுவலகத்தாரின் புராணம்; அதையும் கேள்வி கேளாமல் நம்பினோம்!

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சேற்றையும் நீரையும் அளந்து பார்த்தனர். உண்மை வெளிப்பட்டது. மரம் போனதும் சேற்றின்மேல் வெயில் நேரே விழுந்தது. சேறு வற்றிச் சுருங்கித் தாழ்ந்து, நிலம் நடுவில் குழிந்த தட்டுப் போலாயிற்று. ஏற்றத்தில் புகுந்த கடல்நீர் இறக்கத்தில் வெளியேறவில்லை. தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. அந்த உப்பில் எந்தக் கன்று பிழைக்கும்? நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. மீன் முள்ளைப் போல நடுவே ஒரு பெருவாய்க்காலும் இருபுறமும் சாய்ந்த கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். அலை வந்து போயிற்று; உப்புக் குறைந்தது; நட்ட வெண்கண்டல் பிழைத்தது. ஊர்தோறும் குழு அமைத்து, வனத்துறையும் ஊராரும் கூடிச் செய்த வேலை இது.

கரையில் வாழும் இருளரை மறந்து இக்கதையைச் சொன்னால் அது பாதிக் கதை. வலையும் படகும் இல்லாத இம்மக்கள், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் தடவித் தடவி இறால் பிடித்தவர்கள். எந்த வாய்க்காலில் எவ்வளவு ஆழம் என்பது அவர்கள் விரல் அறியும். அந்த அறிவுக்குப் பட்டம் தர எவரும் இல்லை. பழங்குடிச் சான்றிதழுக்கே நெடுங்காலம் அலைந்தார்கள். ஊர் கூடிக் காடு காப்போம் என்னும்போது, ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் இவர்கள் உண்டா என்று கேட்க வேண்டாமா? சாதி சேற்றிலும் கோடு கிழிக்கும்!

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கடலூர்க் கரையைச் சூறையாடியது. காட்டுக்குப் பின்னிருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின என்று மறு ஆண்டே ஓர் ஆய்வு உலகுக்கு அறிவித்தது. கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் தரையின் உயரமும் காத்திருக்கலாமே என்று வேறு ஆய்வாளர் மறுத்தனர். நல்லது! மரத்தையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் பறவைக்கும் அது வீடு என்பதே அதைக் காக்கப் போதுமான காரணம்.

2022இல் பிச்சாவரம் ராம்சார் ஒப்பந்தத்தின் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் ஏறியது. 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்தில் கண்ட நீர்ச்சந்துகளைக் காண இன்றும் கூட்டம் வருகிறது. வரட்டும், காடு கண்ணுக்கும் விருந்துதான். ஆனால் ‘கூட்டு மேலாண்மை’ என்பதும் ‘உடைமை’ என்பதும் ஒரே சொல்லா? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தாம் வழிவழியாகக் காத்த காட்டைப் பேணவும் மீட்கவும் ஆளவும் வனவாழ் மக்களுக்கு உரிமை உண்டு என எழுதிவைத்திருக்கிறது. படகுத்துறையில் சீட்டு வாங்கும் தோழனே, துடுப்புப் போடுகிறவரிடம் பேச்சுக் கொடு. அந்த வாய்க்காலை வெட்டிய கைகள் எவை, அந்தச் சட்டத்தை அவ்வூரில் எவரேனும் படித்துக் காட்டினார்களா என்று கேட்டுவிட்டுப் பிறகு ஏறு.