‘பின்’ என்னும் இரு சொற்கள்: ஆசிரியப் பயிற்சியில் ஆங்கில எழுத்தறிவும் தமிழ் இலக்கணமும்

அழகர்கோவிலுக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளி. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் ஆசிரிய மாணவி, கற்பித்தல் பயிற்சிக்காக இரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தார். சார்ட் அழகாக இருந்தது. பாடக்குறிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. குண்டூசிப் படத்தைக் காட்டி ‘பின்’ என்றார். பிள்ளைகளும் ‘பின்’ என்றார்கள். அடுத்துக் குப்பைத்தொட்டிப் படம். அதற்கும் ‘பின்’. “ரெண்டும் ஒண்ணா டீச்சர்?” என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் மேலே பென்சிலால், பொடி எழுத்தில், ‘பின்’ என்று தமிழில் எழுதியிருந்தார்.

அந்தப் பென்சில் எழுத்தை அழிக்கச் சொல்வதுதான் வழக்கம். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளைப் பயிற்றுவிக்கும் முன், ஆசிரியராகப் போகிறவருக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தர வேண்டும். அதற்கு அவரிடம் ஏற்கெனவே இருக்கும் கருவி, பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம்.

குறை எங்கே இருக்கிறது? தமிழில் ‘ப’ என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ஆங்கிலத்தில் அப்படியில்லை. நம் வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்துவரும் “சி, ஏ, டி, கேட், கேட்டுன்னா பூனை” என்ற பாடத்தைக் கவனியுங்கள். ‘சி’, ‘ஏ’, ‘டி’ மூன்றையும் எத்தனை முறை சேர்த்துச் சொன்னாலும் ‘கேட்’ வராது. எனவே பிள்ளை அந்தச் சொல்லை ஒரு படத்தைப்போல மனப்பாடம் செய்துகொள்கிறது. 26 எழுத்துகள் ஏறக்குறைய 44 ஒலிகளைச் சுமக்கும் மொழியில், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ளாமலே பன்னிரண்டாம் வகுப்புவரை வந்துவிட முடிகிறது. கைடும் மனப்பாடமும் கைகொடுக்கின்றன. அறிமுகமில்லாத சொல் ஒன்று எதிர்ப்படும்போதுதான் நாக்கு நின்றுபோகிறது. சோம்பலோ திறமைக் குறைவோ இதற்குக் காரணமில்லை. சொல்லித்தரவேண்டிய ஒன்றை நாம் சொல்லித்தரவில்லை.

தகுதித் தேர்வும் இதைக் கண்டுபிடிக்காது. கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2012-ல் தமிழ்நாட்டில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பலரும் அதிர்ந்தார்கள், பயிற்சி மையங்கள் பெருகின. முதல் தாளின் 150 கேள்விகளில் ஆங்கிலத்துக்கு 30. எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்பவை. ஒரு பத்தியை உரக்க வாசிக்கவோ சொந்தமாக நான்கு வரி எழுதவோ அங்கே இடமில்லை. 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கிறோம். ஆங்கிலமும் அதில் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் போகிறவர் ஆங்கிலத்தில் அரும்பா மொட்டா என்று பார்ப்பதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டாமா?

இந்தச் சிக்கல் புதிதன்று. 1950-களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஒரு பெருமுயற்சி நடந்தது. அதை ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றார்கள். டி. ஏ. ஸ்மித் 1962-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் முயற்சி என்று அதைச் சொல்கிறது. ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி தருவது, அவர்கள் அடுத்த அடுக்குக்கு, அந்த அடுக்கு அதற்கடுத்ததற்கு எனப் பனியுருண்டைபோல் பெருக்குவது திட்டம். வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, சொல்லிச் சொல்லிப் பழக்கும் முறை அப்படிப் பரவியது. என் கணிப்பில், முறை அடுக்கடுக்காக இறங்கியது, மொழி இறங்கவில்லை. ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்பதைச் சில வாரங்களில் ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றிவிடலாம். வாசிப்பை அப்படிக் கைமாற்ற முடியாது. இன்றைய பணியிடைப் பயிற்சிகளும் இதே அடுக்குமுறையில்தான் பெரும்பாலும் நடக்கின்றன என்பதால், அந்தப் பழைய அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இனி ‘பின்’னுக்கு வருவோம். தமிழில் வல்லினத்தின் ஒலிப்பு இடத்தைப் பொறுத்து மாறும். ‘பல்’லில் வரும் பகரம் வேறு, ‘அம்பு’வில் வரும் பகரம் வேறு. கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே வகுத்துச் சொன்னார். இடமே ஒலியைத் தீர்மானிப்பதால் தமிழுக்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் சொல்லின் முதலில் வந்து பொருளை மாற்றுகின்றன. அதனால் அங்கே இரண்டு எழுத்து. அந்த மாணவியிடம் ‘பல்’, ‘பஸ்’ இரண்டையும் தொண்டையில் கைவைத்துச் சொல்லிப்பார்க்கச் சொன்னேன். இரண்டாவதில் அதிர்வு முன்கூட்டியே தொடங்குவது கையில் தெரிந்தது. அடுத்து, இரக்கத்தைக் குறிக்கும் ‘பாவம்’, முகத்தில் காட்டும் ‘பாவம்’. எழுத்தில் ஒன்று, வாயில் இரண்டு. அவருக்கு வித்தியாசம் தெரியாமலில்லை. தெரிந்திருக்கிறது என்பது தெரியாமல் இருந்தது.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ‘பாக்கு’, ‘நாடு’ எனக் குற்றியலுகரம் வந்து தாங்கும். நம் வாயில் ‘புக்’ ‘புக்கு’ ஆவதும் ‘கேட்’ ‘கேட்டு’ ஆவதும் அதனால்தான். மெய்யெழுத்து மொழிமுதலில் வராது. ‘ஸ்கூல்’ ‘இஸ்கூல்’ ஆகிறது. இவற்றைப் ‘பட்டிக்காட்டு உச்சரிப்பு’ என்று கேலி செய்து பல பிள்ளைகளின் வாயை அடைத்துவிட்டோம். தொல்காப்பியம் மொழிமரபில் பேசுகிற விதிகளுக்கு அந்த வாய் கட்டுப்பட்டு நிற்கிறது, அவ்வளவுதான். எந்த விதியால் ஓர் உகரம் கூடுகிறது என்று தெரிந்தவருக்கு, அதை எப்போது விடவேண்டும் என்பது விரைவில் பிடிபடுகிறது.

ஆங்கில வகுப்பில் தமிழ் புகுந்தால் ஆங்கிலம் வராது என்பார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படி நம்பினேன். தமிழில் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வகுப்பைப் பற்றிய அச்சம் அது; அந்த அச்சம் நியாயமானதே. ஒலியையும் எழுத்தையும் ஆராயத் தமிழைப் பயன்படுத்துவது வேறு வேலை. ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்பு போதும் என்பதையும் ஏற்க முடியவில்லை. அங்கே சில வாக்கியங்கள் வாயில் ஏறும். பாடநூலின் புதிய பக்கத்தை வாசிக்க அவை உதவா.

வாசிக்க என்ன தருவது? அழகர் மலையிறங்கி எதிர்சேவை கண்டு வைகையில் இறங்கும் கதையை, எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதில் தெரியாத செய்தி கிடையாது. அடுத்து என்ன வரும் என்பது முன்பே தெரிவதால், கண் எழுத்தின்மேல் நிற்கிறது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம் என்ற ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வில், ரயில் கால அட்டவணையும் வரைபடமும் வைத்துப் பிள்ளைகளைச் சிந்திக்கச் செய்தார். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து அழகர்கோவில் வரும் பேருந்து நேரங்களை வைத்து அதையே இங்கே செய்யலாம்.

தமிழ் இலக்கணம் கைவிடும் இடங்களும் உண்டு. ‘நைட்’ என்ற சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்துகளுக்கும், ஓர் அசையை அழுத்தி மற்றதை விழுங்கும் ஆங்கில வழக்கத்துக்கும் நம்மிடம் விதியில்லை. அன்றாடப் பழக்கம்தான் வழி. அதனால் முதலாண்டின் முதல் மூன்று மாதங்களைக் கற்பித்தல் முறைகள் இல்லாமல் வாசிப்புக்கே ஒதுக்க வேண்டும் என்கிறேன். ஒவ்வொருவரும் வாரம் இருமுறை, பத்து நிமிடம், மற்றவர்கள் கேட்காத இடத்தில், ஒரே ஓர் ஆசிரியர் முன் உட்கார்ந்து உரக்க வாசிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பெண் போடக்கூடாது.