மிஸ்டு கால் கொடுத்த தலைமுறை: கட்டணமும் குணமும்

‘வாசலுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு.’ 2000களில் இந்தியாவில் கல்லூரிக்குச் சென்றவர் எவருக்கும் இத்தொடருக்கு விளக்கம் தேவைப்படாது. ஆயினும் இதில் ஒரு விந்தை இருக்கிறது. ஆங்கில வழக்கில் அழைப்பைத் தவறவிடுபவர் அதைப் பெறவேண்டியவரே; அது அவருக்கு நேரும் ஒரு நிகழ்வு. இந்திய வழக்கில் அதைச் செய்பவர் அழைப்பவர். அவர் எண்ணித் துணிந்து, கணக்குப் பார்த்து, ஒருவருக்குக் கொடுக்கும் பொருள் அது. நேர்ச்சியைக் குறித்த ஒரு சொல் செயலைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது.

இம்மாற்றம் ஒரு மொழியில் மட்டும் நிகழவில்லை. தமிழிலும் கன்னடத்திலும் மிஸ்டு கால் ‘கொடு’, தெலுங்கில் ‘இவ்வு’, இந்தியில் ‘தேனா’, பேச்சுநடையில் ‘மார்னா’, மலையாளத்தில் ‘அடிக்குக’. இரவல் பெயர்ச்சொல் ஒன்றைத் தாங்கிப்பிடிக்க ஒவ்வொரு மொழியும் தன் சொந்த வினையை அளித்திருக்கிறது. தமிழின் ‘குரல் கொடு’, இந்தியின் ‘ஆவாஸ் தேனா’ ஆகிய வழக்குகள் கைப்பேசிக்கு வெகுகாலம் முற்பட்டவை. தெருவில் நின்று வீட்டிலிருப்பவரைக் கூப்பிடுவதைக் குறித்த அந்தப் பழைய வாய்பாட்டுக்குள்தான் புதிய கருவி வந்து அமர்ந்தது. ‘தவறிய அழைப்பு’ என்னும் தமிழாக்கம் எழுத்தில் நிலைபெற்றும் பேச்சில் ‘ஒரு தவறிய அழைப்பு கொடு’ என்று எவரும் சொல்லாததற்குக் காரணம் இதுவே: அந்த அழைப்பு தவறவில்லை. தன் வேலையை முழுமையாகச் செய்தது. மறுமுனையில் இருப்பவர் பொத்தானை அழுத்தி எடுத்துவிட்டால்தான் தவறு. ‘ஏன் எடுத்தாய், காசு போயிற்றே’ என்ற கடிந்துரை உடனே வரும்.

இன்றைய இளைஞர்களுக்குக் காசின் அருமை தெரியாது, தொழில்நுட்பம் அவர்களை ஊதாரிகளாக்கிவிட்டது என்பது இந்தியக் குடும்பங்களில் நாள்தோறும் ஒலிக்கும் கருத்து. அக்கருத்தைச் சோதித்துப் பார்க்க மிஸ்டு காலின் வரலாறு நல்லதொரு களம். ஒரு செய்திக்கு யார் காசு கொடுப்பது என்ற ஒற்றைக் கேள்வியே அவ்வரலாறு நெடுகிலும் ஓடுகிறது.

கேள்வி பழையது. 1840க்கு முன் பிரிட்டனில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். உறையின் மேற்புறத்தில் ஒரு குறியிட்டு அனுப்புவது, பெறுபவர் அதைப் பார்த்துச் செய்தியை அறிந்துகொண்டு கடிதத்தை வாங்க மறுத்துவிடுவது என்ற உபாயம் அக்கால அஞ்சல் சீர்திருத்த விவாதங்களில் பேசுபொருளாயிற்று. இந்தியாவில் 1854 அக்டோபரில் நாடு முழுமைக்கும் பொதுவான அஞ்சல்தலை வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு எவ்வளவு தொலைவாயினும் அரை அணா. தலை ஒட்டாத கடிதத்துக்குப் பெறுபவர் இருமடங்கு கொடுக்கவேண்டும். தமிழர் வீடுகளில் நெடுங்காலம் புழங்கிய ‘பேரிங் தபால்’ அதுதான். தந்தி வந்தபோது சொல்லுக்குச் சொல் காசு. எஸ்டிடி மஞ்சள் பலகைகள் வந்தபோது தொலைவுக்கும் நேரத்துக்கும் காசு. பின்னிரவில் கட்டணம் கால் பங்காகக் குறையும் என்பதால் விடுதி மாணவர்கள் சாவடி வாசலில் வரிசையில் நின்று, பேசும்போது கண்ணை மீட்டரின் சிவப்பு எண்களின்மேல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டண முறையும் தனக்கேற்ற சிக்கன முறையொன்றை உண்டாக்கியது.

கைப்பேசி இந்நாட்டில் செல்வர்களின் பொருளாகவே தொடங்கியது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே முதல் கைப்பேசி அழைப்பு. அக்காலத்தில் உச்ச நேரக் கட்டணம் ஒரு நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு வரை சென்றது. வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. ஆகவே கைப்பேசி வைத்திருந்தவர், திரையில் எண்ணைப் பார்த்து அழைப்பைத் துண்டித்துவிட்டு அருகிலிருந்த தரைவழித் தொலைபேசியிலிருந்து திரும்ப அழைத்தார். மிஸ்டு காலின் முதல் வடிவம் வசதியுள்ளவர்களின் சிக்கனமாகவே பிறந்தது என்பது மறக்கப்பட்டுவிட்டது.

2003 மே 1 ஒரு திருப்புமுனை. அழைப்பவரே செலுத்துவது என்ற முறை நடைமுறைக்கு வந்து, வரும் அழைப்புகள் கட்டணமற்றவை ஆயின. 2005 இறுதியில் ‘வாழ்நாள் செல்லுபடி’ முன்கட்டணத் திட்டங்கள் வந்தன. ஒருமுறை பணம் கட்டிவிட்டால் இருப்பே இல்லாவிடினும் அழைப்புகளைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். பேச வசதியில்லாதவரும் அழைக்கப்படத்தக்கவராக இருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் உருவாயிற்று. 2010க்கு முன்பே நாட்டின் கைப்பேசி இணைப்புகள் 50 கோடியைத் தாண்டின.

மிஸ்டு காலுக்கு வேண்டிய கூறுகள் நான்கு. அழைப்பவரின் எண் திரையில் தெரியவேண்டும். அழைப்பு எடுக்கப்பட்ட பின்னரே கட்டணம் தொடங்கவேண்டும். பெறுபவருக்குச் செலவு இருக்கக்கூடாது. எஞ்சிய இருப்பு எவ்வளவு என்பது காசளவில் தெரிந்திருக்கவேண்டும். நான்கும் 2003க்குப் பின் ஒருங்கே கூடின. எடுக்கப்படாத அழைப்பும் வலையமைப்பின் திறனைப் பயன்படுத்துகிறது. ஆனால் அதற்கு விலைச்சீட்டு இல்லை. அந்த இடுக்கில் கோடிக்கணக்கானோர் ஒரு குறியீட்டு முறையைக் கட்டினார்கள். ஒரு மணி ஒலித்தால் கிளம்பிவிட்டேன். இரண்டு ஒலித்தால் வந்துசேர்ந்துவிட்டேன். நள்ளிரவில் ஒன்று ஒலித்தால் உன்னை நினைத்தேன். எழுத்தோ சொல்லோ இல்லாத இம்மொழிக்கு இலக்கணத்தை அந்தந்த இருவரே வகுத்துக்கொண்டார்கள்.

பிற நாடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது. ருவாண்டாவில் இதை ஆராய்ந்த ஜோனதன் டோனர் 2007இல் வெளியிட்ட கட்டுரையில் மூவகை காட்டுகிறார்: திரும்ப அழைக்கக் கோருவது, முன்பேசிவைத்த செய்தியைச் சொல்வது, உறவைப் புதுப்பிப்பது. அதே ஆண்டில் பிலிப்பைன்ஸில் ‘மிஸ்கால்’ ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வசதியுள்ளவரே செலுத்துவார் என்பதும் டோனர் கண்ட விதிகளுள் ஒன்று. இந்தியாவில் அவ்விதி வயதோடும் உறவோடும் பிணைந்துகொண்டது. மகன் தந்தைக்குக் கொடுக்கலாம். தந்தை மகனுக்குக் கொடுத்தால் வீட்டில் ஏதோ சரியில்லை. வேலையிலிருக்கும் அண்ணனுக்குத் தம்பி கொடுக்கலாம். மேலதிகாரிக்கு ஊழியர் கொடுக்கலாகாது. தம்பிக்கு முதல் சம்பளம் வந்தபின் இவ்வழக்கம் தலைகீழாயிற்று. யாருக்கு யார் மிஸ்டு கால் கொடுக்கிறார்கள் என்பதைக் கொண்டே ஒரு குடும்பத்தின் பொருளியல் படிநிலையை வரைந்துவிடலாம்.

அன்றும் மூத்தோர் கருத்து இன்றைப் போலவே இருந்தது: எந்நேரமும் கையில் போன், அப்பன் காசில் அரட்டை. அவ்வாறு ஏசப்பட்டவர்களோ காசைக் காசாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். 10 ரூபாய் ரீசார்ஜில் வரி போக எஞ்சுவது எவ்வளவு என்பது அவர்களுக்கு மனப்பாடம். பண்டிகை நாள்களில் எஸ்எம்எஸ் சலுகை செல்லாது என்பதால் புத்தாண்டு வாழ்த்தை முந்தைய நாளே அனுப்பினார்கள். 2009 ஜூனில் டாடா டோகோமோ விநாடிக்கு ஒரு காசு என்று அறிவித்தபோது அதன் பொருளை முதலில் உணர்ந்தவர்கள் அவர்கள்தாம்: 12 விநாடியில் முடியும் பேச்சுக்கு ஒரு நிமிடக் கட்டணம் கொடுக்கவேண்டியதில்லை. பிற நிறுவனங்கள் சில மாதங்களுக்குள் அதைப் பின்பற்றின.

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. செலவற்ற அழைப்பு தொல்லைக்கும் செலவற்ற கருவியாயிற்று. அறியாத எண்களிலிருந்து ஓயாமல் வரும் மிஸ்டு கால்களால் பெண்கள் எண்ணை மாற்றவேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைக் காரணம் காட்டி அவர்களிடமிருந்து கைப்பேசியே பறிக்கப்பட்டதும் உண்டு. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2012 நவம்பரில் 1090 என்ற பெண்கள் உதவி எண்ணைத் தொடங்கியதன் பின்னணியில் இத்தகைய தொலைபேசித் தொல்லைகள் இருந்தன.

2010க்குப் பின் மாணவர் உபாயம் வணிகத்தின் கருவியாயிற்று. அவ்வாண்டு பெங்களூரில் தொடங்கப்பட்ட ஜிப்டயல், மிஸ்டு காலையே தொழிலாக்கியது. 2015 ஜனவரியில் டுவிட்டர் அதை விலைக்கு வாங்கியது. 2011இல் ஊழலுக்கு எதிரான இயக்கம் மிஸ்டு கால் வழியே ஆதரவு திரட்டியது. 2013இல் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் இந்துஸ்தான் யூனிலீவர் ‘கான் கஜூரா டேசன்’ என்ற சேவையை நடத்தியது: மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும், பாட்டும் நகைச்சுவையும் இடையிடையே விளம்பரமும் கேட்கலாம். 2014 நவம்பரில் பாரதிய ஜனதா கட்சி மிஸ்டு கால் மூலம் உறுப்பினர் சேர்க்கையைத் தொடங்கியது. தோழனின் திரையில் பளிச்சிட்டு மறைந்த எண் இப்போது ஒரு தரவுத்தளத்தில் தங்கிவிட்டது. காசு கொடுக்காதவர் தம் எண்ணைக் கொடுத்தார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. குரல் அழைப்புக்குத் தனிக்கட்டணம் இல்லை என்றானது. மிஸ்டு காலின் பொருளியல் அடிப்படை அத்துடன் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் அழைப்புக்கு, அனுப்பும் நிறுவனம் பெறும் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 6 காசு கொடுக்கவேண்டியிருந்தது. 2019இல் அழைப்புமணி எத்தனை விநாடி ஒலிக்கவேண்டும் என்று நிறுவனங்களுக்குள் சச்சரவு மூண்டது. ஜியோ மணியொலி நேரத்தைக் குறைத்து அழைப்புகளை மிஸ்டு கால்களாக்குகிறது, திரும்ப வரும் அழைப்பால் 6 காசை ஈட்டப் பார்க்கிறது என்பது போட்டியாளர்களின் குற்றச்சாட்டு. பிற நிறுவனங்களின் 2ஜி வாடிக்கையாளர்களே தங்கள் வலையமைப்புக்கு நாள்தோறும் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால்கள் கொடுத்துத் திரும்ப அழைக்கவைக்கிறார்கள் என்பது ஜியோவின் மறுமொழி. இறுதியில் டிராய் கைப்பேசிக்கு 30 விநாடி, தரைவழிக்கு 60 விநாடி என்று வரையறுத்தது.

இந்த நிகழ்வு கூர்ந்து நோக்கத்தக்கது. திரும்ப அழைப்பவர் செலவை ஏற்கட்டும் என்ற விடுதி மாணவனின் கணக்கைத்தான் நாட்டின் பெரும் நிறுவனங்கள் ஒன்றன்மேல் ஒன்று சுமத்தின. மாணவன் செய்தபோது அதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர். நிறுவனக் கணக்கேட்டில் அதற்கு வணிக உத்தி என்று பெயர்.

அதற்கு ஓராண்டு முன்பே மற்றொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்திருந்தது. 2018 இறுதியில் ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகியவை குறைந்தபட்ச ரீசார்ஜைக் கட்டாயமாக்கின: 28 நாளுக்கு 35 ரூபாய். இருப்பு உள்ளவர்களின் இணைப்பை உடனே துண்டிக்கலாகாது என்று டிராய் அப்போது தலையிட்டது. ஆயினும் முறை நிலைத்துவிட்டது. அந்தத் தொகையும் பின்னர் ஏறியது. இணையமே பயன்படுத்தாதவர்களுக்காகக் குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி வகுக்க நேர்ந்தது. 2003இல் கிடைத்த ‘வரும் அழைப்புக்குக் காசில்லை’ என்ற உரிமை மாத வாடகையாக மாறியிருக்கிறது. ஊரிலிருக்கும் முதியவளும், வெளிமாநிலத்தில் கட்டட வேலை செய்பவரின் மனைவியும் இப்போது அழைக்கப்படுவதற்கே பணம் கட்டவேண்டும். அவர்களது சிக்கனத்துக்கு இடமளித்த இடுக்கு அடைபட்டுவிட்டது. இளைஞர்களின் ஊதாரித்தனம் பற்றிப் பேசும் வீடுகளில் இதுபற்றிப் பேச்சு எழுவது அரிது.

இன்றைய மாணவர் விநாடியை எண்ணுவதில்லை. அவர் செலுத்துவது 28 நாளுக்கான மொத்தத் தொகை. பேசினாலும் பேசாவிடினும் ஒன்றே. யுபிஐயில் தேநீர்க்கடைக்கு 12 ரூபாய் அனுப்பும்போது கையிலிருந்து நாணயம் நகர்வதில்லை, சிவப்பு எண்கள் ஓடுவதில்லை. எண்ணுவதற்கு எதுவும் கண்முன் வராத ஓர் அமைப்பில் அவர் எண்ணாமலிருப்பதைக் குணக்கேடு என்று சொல்வது, தந்தி எழுதியவரைச் சொல்வளம் அற்றவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும். தலைமுறைகளின் இயல்பு என்று நாம் படிப்பவற்றுள் பெரும்பகுதி, அவ்வக்காலத்துக் கட்டணப் பட்டியலின் நிழல். காசு கண்ணுக்குத் தெரிந்த இடங்களில் இளைஞர்கள் எப்போதும் எண்ணியிருக்கிறார்கள். அது மறைக்கப்பட்ட இடங்களில் மூத்தோரும் எண்ணுவதில்லை.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி சாதாரண கைப்பேசிக்கான யுபிஐ 123பே சேவையை அறிமுகப்படுத்தியபோது, பணம் செலுத்தும் நான்கு வழிகளுள் ஒன்றாக மிஸ்டு காலையும் வைத்தது. காசைச் சேமிக்கப் பிறந்த உபாயம் காசை அனுப்பும் வழியாகவும் ஆயிற்று. பேச்சிலும் அச்சொல் பிழைத்திருக்கிறது. புதிதாக அறிமுகமாகும் இருவர் எண்ணைப் பரிமாறிக்கொள்ளும்போது இன்றும் சொல்வது அதே தொடர்தான்: ‘ஒரு மிஸ்டு கால் கொடு, பதிந்துகொள்கிறேன்.’ அதில் மிச்சப்படுத்த ஒரு காசும் இல்லை.